லேவியருக்குப் பங்கு ஏது?

அடுத்தவர் வீட்டில் இடம் ஒதுக்குவதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. வேனில் யாருக்கு முன் சீட்டு, விசிட் விசாவில் வந்திறங்கும் மச்சான் யார் வீட்டு ஹாலில் படுப்பான், ஊருக்குப் போகிறவனின் காலிக் கட்டில் யாருக்கு என்பதையெல்லாம் நொடியில் தீர்த்துவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். அவர்கள் வீட்டுக் கட்டில் மட்டும் இந்தப் பட்டியலில் வராது. துபாயில் இந்த இனம் செழித்திருக்கிறது. இடத்துக்கு அடிபிடியான ஊரில் வேறெது செழிக்கும்?

அல் குசைஸில் ஜெயமணி அண்ணாச்சியைப் பாருங்கள். தூத்துக்குடிக்காரர், தமிழ் ஜெப ஐக்கியத்தின் செயலாளர். வேதத்தில் மற்றவர்கள் மளமளவென்று புரட்டிக் கடக்கும் ஓர் ஊர்ப்பட்டியல்தான் அவருக்கு உயிர். இஸ்ரவேலில் கோத்திரங்களுக்கெல்லாம் நிலம் பிரித்தார்கள்; ஆலய ஊழியத்துக்கு நின்ற லேவியருக்கு மட்டும் நிலம் கிடையாது; அதனால் ஒவ்வொரு கோத்திரமும் தன் பங்கிலிருந்து சில ஊர்களை விட்டுக்கொடுக்க, சீட்டுப் போட்டு, நாற்பத்தெட்டு ஊர்கள் அவர்களுக்குச் சேர்ந்தன.

“என்ன நிர்வாகம், பாத்தியளா?” என்று அவர் கண் கலங்காத கூட்டமில்லை.

ஐக்கியத்தில் அவரோடு சேர்த்து, தொழிலாளர் கேம்ப் அறைகளையும் எண்ணினால், பதின்மூன்று வீடு. பன்னிரண்டைக் கோத்திரமாக்கி, பெயரெழுதி, காலிப் பால்பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். வெளியூர்ப் போதகரோ, வேலை தேடி வந்தவரோ, யார் வந்தாலும் டப்பா குலுங்கும். ‘உங்க சீட்டு?’ என்று யாராவது கேட்டுவிட்டால் பணிவாகச் சிரிப்பார்.

“லேவியனுக்குப் பங்கு ஏது தம்பி? நான் ஊழியத்துக்கு நிக்கவன்லா.”

இந்த லேவியனுக்கு இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் அவரும் மனைவி கனகாவும். இன்னொன்றில், ஊருக்கு அனுப்ப மூன்று வருடமாகச் சேர்ந்துகொண்டிருக்கும் கார்கோ அட்டைப்பெட்டிகள். அந்த அறையில் ஏசி உண்டு. பெட்டிகளுக்கு வியர்க்கக் கூடாதல்லவா?

ஆகஸ்டில் ஒருநாள், அவர் வீட்டு ஹாலில் கூட்டம் நடக்கும்போது ஐக்கியத்து மணிமாறன் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். பெயர் கார்மேகம்; முதுகுளத்தூர்ப் பக்கம்; சாரம் கட்டுகிற வேலை. ஐக்கியத்து ஆள் இல்லை, மணிமாறனுக்குச் சிநேகம். கம்பெனியை மூடிவிட்டார்கள். சோனாப்பூர் கேம்ப்பை இன்று மாலைக்குள் காலிசெய்ய வேண்டும். ஊருக்கு டிக்கெட் பன்னிரண்டு நாள் கழித்துத்தான். அதுவரை தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

ஜெயமணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. டப்பாவைக் குலுக்கி ஒரு சீட்டை எடுத்தார். யாழ்ப்பாணத்து நிருபன்.

“அண்ணை, அம்மா வந்து நிக்கிறா. நானே குசினியிலை, அடுப்புக்குப் பக்கத்திலைதான் படுக்கிறன்.”

இரண்டாவது சீட்டு மணிமாறன். “எங்க கேம்ப்ல கட்டிலுக்குக் கட்டில் பேரு ஒட்டியிருக்கான் அண்ணாச்சி. வெளியாள வாட்ச்மேன் விடமாட்டான்.” மூன்றாவது வீட்டில் பிறந்து எட்டு நாளான குழந்தை. எல்லாம் உண்மையான காரணங்கள், அதுதான் சங்கடம். பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த கார்மேகம் மெல்ல எழுந்தார்.

“பரவால்லண்ணே. ஏர்போர்ட்லயே போயி உக்காந்துக்கிறேன்.”

பன்னிரண்டு நாள் ஏர்போர்ட்டில் யார் உட்கார விடுவார்கள்? ஜெயமணி நான்காவது சீட்டுக்குக் கை விட்டார்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கனகா நிமிர்ந்தாள். “இந்தாருங்க, உங்க ஊர்ப்பட்டியல்ல எபிரோன் யாருக்கு விழுந்துச்சு?”

“லேவியருக்குத்தான்,” என்றார் ஜெயமணி பெருமையாக.

“அது என்ன பட்டணம்?”

சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அடைக்கலப் பட்டணம். அப்படி ஆறு இருந்தன. போக்கிடமில்லாமல் ஓடிவந்தவனை, அவன் அந்நியனானாலும், ஊருக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டியவை. ஆறும் லேவியர் கையில். போன வருடம் வரைபடம் போட்டு இதை விளக்கியவரே அவர்தான். எல்லார் கண்ணும் பூட்டியிருந்த அந்த அறைக் கதவுக்குப் போயின. அவருக்குக் காது சுட்டது. ஆனாலும் செயலாளர் இல்லையா?

“அது கைப்பிசகா கொலை செஞ்சவனுக்குல்லா, கனகா?”

கார்மேகம் பதறிப்போனார். “நான் யாரையும் கொல்லலண்ணே.”

“கொன்னவனுக்கே இடமிருக்கு,” என்றாள் கனகா. “ஒண்ணுஞ் செய்யாதவர் இங்க தங்கணும்னா, என்னத்தச் செஞ்சுட்டு வரச் சொல்லுதிய?”

ஜெயமணி எழுந்தார். சாவியை எடுத்துவந்து கதவைத் திறந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. பெட்டிகளைத் தூக்க முதலில் ஓடியவர் கார்மேகம். அவரைத் தடுத்து உட்காரவைத்துவிட்டு, பதினேழு பெட்டிகளையும் ஜெயமணியே தன் கட்டிலருகே கொண்டுபோய் அடுக்கினார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த கூட்டத்தில் அடைக்கலப் பட்டணங்களைப் பற்றி ஒரு மணி நேரம் உருகிப் பேசி, ஷார்ஜாவில் குடியிருக்கும் கோத்திரங்கள் ஆளுக்கோர் அறையை ஒழித்துவைக்கலாமே என்று யோசனை சொன்னார்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். கார்மேகத்துக்குப் போக இடமில்லை என்று படித்தபோது, அவரை அனுப்பிவைக்க உங்களுக்கும் யாரோ ஒருவர் வீடு சட்டென்று ஞாபகத்துக்கு வந்திருக்குமே. அது யார் வீடு?