வீட்டு வரிக்கு வெற்றிலை பாக்கு

செம்மேட்டுப்பாளையம்,
நாமக்கல் மாவட்டம்.
ஞாயிறு, கரண்ட் இல்லாத மதியம்.

பெருமதிப்புக்கும், தற்சமயம் பெருங்கோபத்துக்கும் உரிய, ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கும் அத்தை உஷாராணி அவர்களின் பாதங்களில், அண்ணன் மகள் தனப்பிரியா தூரத்திலிருந்தே விழுந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, பூனை மூவரும் நலம். அம்மா பேரூராட்சித் தலைவராக இருப்பதால், அவள் நலத்தை மன்றத்தில் வைத்து விவாதித்துப் பெரும்பான்மை பார்த்துத்தான் சொல்ல முடியும். அங்கே நீங்களும் மாமாவும் நலம் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை. எங்கள் வீட்டு எண்கள் எல்லாவற்றையும் பிளாக் செய்துவிட்டுக் குடும்பக் குரூப்பிலிருந்தும் நீங்கள் வெளியேறிவிட்டதால், வாழ்க்கையில் முதன்முறையாக நான் தபால் தலை வாங்கியிருக்கிறேன். தபால் ஆபீசில் இருந்த அக்கா, "பரீட்சை அப்ளிகேசனா கண்ணு?" என்று கேட்டார். "இல்லீங்க, அத்தைக்குங்க" என்றேன். அதைவிடப் பரீட்சையே மேல் என்பதுபோலப் பார்த்தார்.

நிற்க. நின்றுகொண்டே படிக்க வேண்டாம், உட்காருங்கள், கடிதம் நீளம். வெளியேறுவதற்கு முன்னால் நீங்கள் அனுப்பிய குரல் பதிவை அப்பா வேட்டி மடிப்புக்குள் போனை வைத்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டார். அது ஸ்பீக்கரில் இருந்ததால் தெருவே கேட்டது. "பஸ் ஸ்டாண்டுல இருக்கற என்ற கடைக்கே வரி ஏத்தற அளவுக்கு அண்ணி பெரிய ஆளாயிட்டாங்களா?" என்று கேட்டிருந்தீர்கள். வாடகைக்கு விட்டிருந்தாலும் கடை உங்களுடையது, நியாயமான கேள்வி. ஆனால் அத்தை, அம்மா அந்த வரியை ஏற்றவில்லை, கட்டிக்கொடுத்தாள். எப்படி என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் மேட்டுத் தெருவில் குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை. குழாயைத் திறந்தால் பெருமூச்சு விடும், அவ்வளவுதான். அங்கே ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டித்தருவேன் என்று சொல்லித்தான் அம்மா ஓட்டு வாங்கினாள். தொட்டிக்கு மேலிடத்திலிருந்து மானியமும் வந்தது, ஒரு நிபந்தனையோடு. உங்கள் ஊர் சொத்து வரியை நீங்களே உயர்த்தி, மன்றத்தில் தீர்மானம் போட்டு, மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் மானியம் வேறு ஊருக்குப் போய்விடும். அதாவது பதினைந்து வார்டு உறுப்பினர்களும், தங்கள் வீட்டுக்கும் தங்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் வீட்டுக்கும் வரியைக் கூட்டச் சொல்லித் தாங்களே கை தூக்க வேண்டும். அக்குளில் கட்டி வந்தவனைக்கூட அதைவிடச் சுலபமாகக் கை தூக்க வைத்துவிடலாம்.

முதல் கூட்டத்துக்கான விளக்க உரையைச் செயல் அலுவலர் பாலசுந்தரம் எழுதிக்கொடுத்தார். அவர் வெளியூர்க்காரர், ரொம்ப நல்லவர், ஆனால் தும்மினாலும் துணைவிதியோடு தும்முவார். அம்மா கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டாள். காலாண்டு விடுமுறையில் சும்மா இருந்த நான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கதவோரமே நின்றுவிட்டேன். கண்ணாடி வந்ததால் வந்த வினை, அம்மா உரையைப் படித்தே விட்டாள். "மூலதன மதிப்பு சார்ந்த வீதப் பகுப்பின் ஒருங்கிணைந்த சீராய்வு" என்று ஆரம்பித்ததும் மின்விசிறியே கொஞ்சம் மெதுவாகச் சுற்றியது. நாலாவது வார்டு மாரியப்பன் எழுந்தார். அவரை உங்களுக்குத் தெரியும், பைபாஸ் பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். மண்டபம் பெரிது, வரியும் பெரிது, அதனால் எதிர்ப்பும் பெரிது.

"ஏனுங்க தலைவரம்மா, ஒண்ணு கேக்கறனுங்க. இப்ப படிச்சீங்களே, அது தமிழுங்களா?"

"தமிழ்தானுங்க."

"அப்ப இத்தன வருசமா நான் பேசிட்டிருக்கறது என்னதுங்க?"

ஒன்பதாவது வார்டு நல்லம்மாள், "அதெல்லாம் உடு சாமி, தண்ணி வருமா வராதா, அதச் சொல்லு" என்றார். அம்மா வாயைத் திறப்பதற்குள் செயல் அலுவலர், "அது அட்டவணை மூன்றில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். மாரியப்பன் கைகூப்பினார். "நாங்க வெளிநடப்பு செய்யறமுங்க. உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்க, நல்லா இருங்க" என்று விடைபெற்று, ஆறு பேரோடு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளிநடப்புச் செய்தார். அத்தை, அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் டீயும் மிளகாய் பஜ்ஜியும் வைத்திருந்தார்கள். வெளியே போனவர்கள் மெல்லும் சத்தம் உள்ளே கேட்டது. ஆதரவு உறுப்பினர்கள் கொஞ்ச நேரம் கொள்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒருவர், "சட்னி தீருதாட்ட இருக்குது" என்று முணுமுணுத்தார். அடுத்த நிமிடம் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் ஒரே கட்சி, பஜ்ஜி கட்சி. கூடத்தில் மிஞ்சியது அம்மா, செயல் அலுவலர், அட்டவணை மூன்று. ஆள் போதாமல் கூட்டம் தள்ளிப்போனது.

அன்று சாயங்காலம் அம்மா பேசவில்லை. பேசாத அம்மாவை நீங்கள் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. மேட்டுத் தெரு ராசாத்தி அக்கா வந்து, "தொட்டி வந்துருமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனதிலிருந்து அப்படித்தான். அப்பா உதவிக்கு வந்தார். லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர் எதையும் தட்டிச் சரிசெய்துவிடலாம் என்று நம்புவார். "என்னைய உறுப்பினரா நெனச்சு எங்கிட்டப் பேசிப் பழகு" என்று சோபாவில் சாய்ந்தார். அம்மா, மூலதன மதிப்பு என்றாள். "செரி, அதனால எனக்கு என்ன கெடைக்கும்?" என்றார் அப்பா. "ராத்திரிக்குச் சோறு கெடைக்காது" என்றாள் அம்மா. இரண்டாவது கூட்டம் புதன்கிழமை. அதில் தீர்மானம் தோற்றுவிட்டால் தொட்டி போச்சு.

இந்த இடத்தில்தான் உங்கள் மருமகளாகிய நான் நாட்டுக்குச் சேவை செய்ய முடிவெடுத்தேன். அம்மாவைச் சிரிக்க வைக்க வேண்டும், வேறு நோக்கம் கிடையாது, பூனை மேல் சத்தியம். ராசப்பன் அண்ணன் அச்சகத்துக்குப் போய், கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒன்றே ஒன்று அடித்துக் கொடுங்கள், பிரிட்ஜ் மேல் ஒட்ட வேண்டும் என்றேன். எழுதிக்கொடுத்தது இதுதான்:

"நிகழும் மங்களகரமான நிதியாண்டில், செம்மேட்டுப்பாளையம் பேரூராட்சியின் செல்வப் புதல்வி திருவளர்ச்செல்வி சொத்து வரிக்கும், மேட்டுத் தெருவில் எழுந்தருளவிருக்கும் திருவளர்ச்செல்வன் குடிநீர்த் தொட்டிக்கும், வருகிற புதன்கிழமை மன்றக் கூடத்தில் திருமணம் நடைபெற இருப்பதால், உறுப்பினர்கள் அனைவரும் வந்திருந்து, பாதியில் எழுந்து போகாமல், கை தூக்கி ஆசீர்வதிக்க வேண்டுகிறேன். இப்படிக்கு, தமிழ்ச்செல்வி தீனதயாளன், தலைவர். குறிப்பு: அன்பளிப்பைத் தவிர்க்க வேண்டாம்."

ராசப்பன் அண்ணனுக்கு ஒன்று என்ற எண்ணே தெரியாது. கல்யாணக் கார்டு என்றால் குறைந்தது நூறு. தலைவர் வீட்டு ஆர்டர் என்று பிள்ளையார் படம் போட்டு, நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவி, காய வைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து மண்டபத்துக்குக் காலண்டர் அடிக்க வந்த மாரியப்பன் கண்ணில் அது பட்டிருக்கிறது. அவர் மேலே எதையும் படிக்கவில்லை. கீழே அம்மா பெயர், மூலையில் மஞ்சள், போதாதா? "தலைவர் ஊட்டுல விசேசம். கார்டு அடிச்சுக் காயுது. நமக்கு அழைப்பு வரல பாத்தீங்களா?" என்று வார்டு வார்டாகச் சொல்லிவிட்டார். அரசியல் வேறு, அழைப்பு வேறு அல்லவா! வரியை எதிர்த்தவர்கள் முகம் திருப்பினால் பரவாயில்லை, ஆதரித்தவர்களும் திருப்பினார்கள். நல்லம்மாள் போனிலேயே அழுதார். "ஒரு தாம்பாளத்தத் தூக்கிட்டு எங்கூட்டுக்கு வர உனக்குக் காலு வலிக்குதா சாமி?"

விஷயம் தெரிந்ததும் அம்மா விளக்குமாற்றோடு என்னை நோக்கி வந்தாள். நான் வெளிநடப்புச் செய்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தபோது (வீட்டுத் தொட்டிதான், ஊர்த் தொட்டி இன்னும் வரவில்லை) அப்பா சொன்னது கேட்டது: "இப்பப் போயி அது வெளையாட்டுன்னு சொன்னா இன்னும் கேவலம். கெளம்பு, நேர்ல போயி அழைச்சிட்டு வந்தர்லாம்." அப்பா வெள்ளை வேட்டி, அம்மா பட்டுப் புடவை, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், கார்டு. தாம்பாளத்தை ஏந்தும் தண்டனை எனக்கு.

முதல் வீடு மாரியப்பன் வீடு. காபி வந்தது. கார்டை இப்போதுதான் முழுதாகப் படித்தார். படித்து முடித்து அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நிறைய நேரம் பார்த்தார். ஆனால் தாம்பாளத்தைக் கையில் வாங்கியாயிற்று. வெற்றிலை பாக்கை வாங்கிய பிறகு கோபப்பட எங்கள் ஊரில் வசதி இல்லை. அதனால் சம்பிரதாயப்படியே கேட்டார்.

"செரி, பொண்ணு எப்படிங்க?"

 அம்மாவுக்கு எங்கிருந்துதான் பேச்சு வந்ததோ! "பொண்ணு ரொம்ப வருசமா வளராம இருந்தவளுங்க. இப்பத்தான் கொஞ்சம் உசந்திருக்கறா. குடிச ஊட்டுக்குப் போனா கொஞ்சமாச் சாப்புடுவா, மண்டபத்துக்கு வந்தா நெறையாச் சாப்புடுவா. ஆளப் பாத்துத்தான் கேப்பா, மறைக்க மாட்டேனுங்க."

"மாப்பிள்ள?"

"நல்ல ஒசரம். எப்பவும் தண்ணியிலயேதான் இருப்பானுங்க, ஆனாக் குடிக்க மாட்டான், அடுத்தவங்களுக்குத்தான் குடுப்பான்."

மாரியப்பனின் மனைவி சமையலறையில் சிரித்த சிரிப்பில் எதுவோ கீழே விழுந்தது. அத்தை, அட்டவணை மூன்றில் இருந்ததெல்லாம் இதுதான், அம்மாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. பதினைந்து வீட்டிலும் சொன்னாள். எட்டாவது வீட்டில் சீர்வரிசையாகக் குழாய் இணைப்பு எத்தனை என்று கேட்டார்கள், சொன்னாள். பதினோராவது வீட்டில், மாப்பிள்ளை பாதியில் ஓடிப்போக மாட்டானே என்றார்கள், கட்டும் காண்ட்ராக்டர் யார் என்று விளக்கினாள். மொத்தம் குடித்த காபியில் அப்பா இரண்டு நாள் தூங்கவில்லை.

புதன்கிழமை பதினைந்து பேரும் வந்தார்கள், பட்டில். மாரியப்பன் வண்ணத் தாள் சுற்றிய சுவர்க் கடிகாரத்தோடு வந்தார். செயல் அலுவலர், யாருக்கோ கல்யாணம், கூட்டத்தை முடித்துவிட்டுப் போவார்கள்போல என்று நினைத்துக்கொண்டார். தீர்மானம் வந்ததும் மாரியப்பன் எழுந்தார். கூடமே பக்கவாட்டுக் கதவைப் பார்த்தது.

"வெளையாட்டெல்லாம் இருக்கட்டுங்க. நான் மண்டபம் வெச்சிருக்கறவன், மொய்ன்னா என்னன்னு எனக்குத் தெரியும். மொய் வெச்சா, நம்ம ஊட்டு விசேசத்துக்குத் திருப்பி வெப்பாங்க. வரி கட்டுனா யாருங்க திருப்பி வெப்பாங்க?"

அம்மா தாளைப் பார்க்கவில்லை. "நான் வெக்கோணுமுங்க. மேட்டுத் தெருவுல தண்ணி ஊத்தலீன்னா, மொய் திருப்பாதவ ஊட்டு வாசல்ல நின்னு எப்படிக் கேப்பீங்களோ, அப்படி என்ற வாசல்ல வந்து கேளுங்க. காபி குடுக்கறேன், பதிலும் குடுக்கறேன்."

 பிறகு மாரியப்பன் மைக்கைப் பிடுங்கினார். மொய் எழுதும் இடத்தில் கூவுவது மாதிரியே, "நாலாவது வார்டு மாரியப்பன்... ஆதரவு ஒண்ணேய்!" என்றார். அடுத்து நல்லம்மாள். அடுத்து எல்லோரும். பதினைந்து பேர் பெயரும் மைக்கில் ஒலித்தது, பஸ் ஸ்டாண்டு வரை. அந்தச் சத்தம்தான் உங்கள் கடைக்காரர் காதில் விழுந்து, அங்கிருந்து உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அத்தை, இப்போது உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் கோபம் வரியினால்தானா? வரிக்காகக் கோபப்படுகிறவர் ஒரு வாரம் கழித்தா குரூப்பை விட்டுப் போவார்? ராசப்பன் அண்ணன் அந்தக் கார்டை ஸ்டேட்டஸில் வைத்த அன்றுதானே போனீர்கள்! ஊரில் பதினைந்து வீட்டுக்குத் தாம்பாளம் போனது, கூடப் பிறந்த அண்ணன் தன் தங்கையை அழைக்கவில்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். என் தலையில். ஆகவே பிளாக்கை எடுத்துவிட்டு, நடந்து முடிந்த இந்தத் திருமணத்தைப் பெருந்தன்மையோடு ஏற்று, பெண் வீட்டார் என்ற முறையில் உங்கள் கடைக்கான உயர்ந்த வரியைச் சிரித்த முகத்தோடு செலுத்துமாறு மன்றத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம், உங்கள் மகன் யோகேஷுக்கு என் குட்டு, உங்களுக்கு என் நமஸ்காரமும் பயமும். நீங்கள் நூறாண்டு வாழ்ந்து, ஆண்டுக்கு இருமுறை வரி கட்ட மேட்டுத் தெருவின் அம்மன் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணனின் வினை,
தனப்பிரியா

பி.கு: மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடவும். இப்போதுதான் செயல் அலுவலர் வீட்டுக்கு வந்தார். கூட்டத்துக்கான முறையான நோட்டீஸ் யாருக்கும் போகவே இல்லையாம். அம்மா அனுப்பியிருப்பாள் என்று அவரும், அவர் அனுப்பியிருப்பார் என்று அம்மாவும் இருந்துவிட்டார்கள். கல்யாணக் கார்டு சட்டப்படி நோட்டீஸ் ஆகாது. எனவே கூட்டமே நடக்கவில்லை, தீர்மானமும் இல்லை, வரியும் ஏறவில்லை. நோட்டீஸை இன்றே கொடுத்துவிட்டு, மாதக் கடைசிக்குள் மறுபடியும் கூட்டம். அம்மா மறுபடியும் தாம்பாளத்தோடு வந்து அழைத்தால்தான் உறுப்பினர்கள் வருவார்களாம். முதல் அழைப்பு உங்களுக்கு என்று அம்மா பஸ் ஏறிவிட்டாள், இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவாள், கதவைத் திறந்துவிடுங்கள். மாரியப்பனுக்குத்தான் தாங்கவில்லை. "மைக்குல பேர் சொல்லி வெச்ச மொய்யச் செல்லாதுன்னு சொல்ல நீங்க யாருங்க?" என்று செயல் அலுவலரோடு சண்டை போட்டுவிட்டு, மண்டபத்துக்குப் புது வரியை எண்ணி எடுத்துக்கொண்டு, நாளைக் காலையில் வாங்கியே தீர வேண்டும் என்று பேரூராட்சி வாசலில் இப்போதே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வரிசையில் இரண்டாவது இடத்தில், அத்தை, உங்கள் பெயருக்கு ஒரு செருப்பைப் போட்டு வைத்திருக்கிறேன்.