சதுர பார்கோடும் மிளகாய் வற்றலும்

நல்லசிவம் பால் பவுடர் டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார். அடுத்த நொடி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸே அதிரும்படி ஒரு தும்மல் போட்டார். டப்பா நிறைய மிளகாய் வற்றல்.

"லீலா! வெளிய பச்சப்பிள்ளைப் படம் போட்டிருக்கு, உள்ள வத்தலு கெடக்கு!"

"ஏன் இப்பிடிக் கத்துதிய? மூடி நல்லா இறுக்கமா இருக்கேன்னு வத்தல் போட்டு வச்சேன்" என்றாள் அவர் மனைவி லீலாவதி.

சற்று முன்புதான் கடையிலிருந்து போன் வந்திருந்தது. பேசியது பில் போடும் கவிதா, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண்.

"அங்கிள், ஆன்ட்டி வாங்கின பால் பவுடர கம்பெனி வாபஸ் கேக்குது. ஏன்னா..."

"காரணத்த எனக்கா சொல்லுத? அந்தச் சதுர பார்கோடு ஃபைலே என் மேஜை வழியாத்தாம்மா போச்சு! இந்தா, கொண்டாரேன்" என்று போனை வைத்துவிட்டார்.

பழைய பார்கோடு, இது பால் பவுடர் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். சோதனைக்கு வந்திருக்கும் இந்தச் சதுரமோ எந்தத் தயாரிப்புத் தொகுதி, எப்போது அடைத்தது என்பது வரை சொல்லிவிடும். கடையில் தரும் வாடிக்கையாளர் அட்டையும் சேர்ந்தால் யார் வீட்டுக்குப் போனது என்பதும் தெரிந்துவிடும். அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசரான நல்லசிவம் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், டீ கொண்டுவருபவர்கூட மெல்ல நழுவிவிடுவார்.

"உள்ள இருந்த பவுடர் எங்க?"

"மாடில அபிராமிக்குத்தான வாங்கினது? அன்னிக்கே நம்ம எவர்சில்வர் சம்படத்துல மாத்திக் குடுத்துட்டேன். டப்பா நமக்கு."

"சரக்கு ஒரு பக்கம், சதுரம் ஒரு பக்கம் போனா கவர்மெண்டு என்னதான் செய்யும்? ஒவ்வொண்ணையும் மாத்தி மாத்தி வைக்காதன்னு எத்தன தடவ..."

பாதியிலேயே பேச்சு நின்றது. அபிராமியின் குழந்தைக்கு ஏழு மாதம். அவள் கணவன் ரவிக்குமார் ராணுவத்தில், லடாக்கில் இருக்கிறான். நல்லசிவம் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

மாடியில் குழந்தை சொகுசாகப் பால் குடித்துக்கொண்டிருந்தது. பாட்டிலைப் பிடுங்கினார். வீடு இரண்டாகும்படி வீறிட்டது.

"என்ன அண்ணாச்சி இது!" என்று பதறினாள் அபிராமி.

"கெட்டுப்போன பவுடரும்மா. கம்பெனிக்காரன் வாபஸ் கேக்கான்."

அபிராமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாலு நாளா இதத்தானே குடுத்தேன்..."

"மிச்சம் எங்க? சம்படம் எங்க?"

"மிச்சம் பிஸ்கட் டின்ல இருக்கு. சம்படத்த அக்காகிட்ட வெறுமனே திருப்பித் தரக்கூடாதுன்னு ரவா லட்டு வச்சுக் குடுத்தேன். டேஸ்ட்டுக்கு அந்தப் பவுடரும் கொஞ்சம் போட்டேன்."

நேற்று அந்த லட்டுகளை லீலாவதிக்குக்கூட மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தவர் நல்லசிவம். அங்கே மாட்டியிருந்த கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

இருந்தாலும் அவர் அதிகாரி. "பிஸ்கட் டின்ன நீட்டினா எந்த மிஷின் ஒத்துக்கும்? வாங்குன மாதிரியே திருப்பணும்" என்று அந்த டின்னோடு கீழே இறங்கிவந்து, வற்றலைப் பேப்பரில் கொட்டி, டப்பாவைத் துண்டால் துடைத்து, பவுடரை மறுபடி அதற்குள்ளேயே கொட்டி மூடினார். பின்னாலேயே வந்த அபிராமியின் இடுப்பில் குழந்தை பசியில் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. வேறு பால் காய்ச்சிக் கொடுக்க அபிராமிக்குத் தைரியம் வரவில்லை.

"டாக்டர்ட்ட போவோம்" என்று அழுதாள் லீலாவதி. மலை மந்திர் முருகனுக்கு அதற்குள் பால்குடம் நேர்ந்துவிட்டிருந்தாள்.

"என்ன விஷம்னு தெரியாம டாக்டர் என்னத்தக் குடுப்பாரு? மொதல்ல கடை" என்று எல்லோரையும் தெருவுக்குக் கூட்டிவந்து ஆட்டோவை நிறுத்தி ஏற்றினார். "பையா, ஜல்தி!" என்று ஓட்டுநரை அவசரப்படுத்தினார்.

கடையில் கவிதா சதுரத்தின் மேல் கருவியைக் காட்டினாள். திரும்பப் பெறவேண்டிய டப்பா என்று சிவப்பு விளக்கு எரிந்தது. தன் திட்டம் ஜெயித்ததை நல்லசிவம் கண்ணால் பார்த்தது அன்றுதான். பெருமைக்குப் பதில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"புள்ளைக்கு நாலு நாளா இதத்தான் குடுத்திருக்கேன்" என்றாள் அபிராமி.

கவிதா நிமிர்ந்தாள். "இந்த டப்பாலேருந்தேவா எடுத்துக் குடுத்தீங்க?"

"இல்ல, அக்கா வாங்கின அன்னிக்கே சம்படத்துல மாத்திட்டாங்க."

"எல்லாம் எம்புத்தி" என்று லீலாவதி தலையைக் குனிந்துகொண்டாள். நல்லசிவம் அவளை ஒரு முறை முறைத்தார்.

கவிதாவின் முகம் மலர்ந்தது. டப்பாவின் மூடியைத் திறந்தாள். உள்ளே எட்டிப் பார்த்ததும் மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது.

"அரே, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா, பவுடர் நல்ல பவுடர்தான், டப்பாவோட உள்பூச்சுலதான் கோளாறு, தொறந்து காத்து பட்டு ஒரு நாளாவது ஆனாத்தான் அது உரியும், ஆனா அங்கிள், தப்பிச்ச பவுடரத் திரும்பவும் இதுக்குள்ளேயே கொட்டினது யாரு?"