கருத்துகளை இரண்டு பிரதிகளில் வழங்கவும்

குழந்தை வளர்ச்சி குறித்து உலகம் இதுவரை கண்ட ஆய்வு நிறுவனங்களில் தலைசிறந்தது, ஓல்டன்பர்க் நகரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் பேருந்து நிறுத்தம். கண்ணாடிக் கூரை, மூன்று இருக்கைகள், ஒரு குப்பைத் தொட்டி. இவ்வளவு குறைந்த வசதியில் இவ்வளவு முடிவுகளை வேறெந்த நிறுவனமும் வெளியிட்டதில்லை.

வெறும் ஊர்ப்பெருமையில் இதைச் சொல்லவில்லை. என் மகள் லெவ்கே அந்த நிறுவனத்தின் ஆய்வுப்பொருள். வயது இரண்டேகால். பேசமாட்டாள்.

என் மனைவி சில்யா இறந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அதைப் பற்றி இந்த ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது தனிப்பட்ட விஷயம். பிறர் துக்கத்தில் தலையிடுவது இங்கே அநாகரிகம். குழந்தையின் தொப்பி பொது விஷயம்.

தொப்பி ஏன் இல்லை என்று கேட்கும் பிரிவும், இந்த வெயிலில் தொப்பி எதற்கு என்று கேட்கும் பிரிவும் ஏப்ரல் மாதத்தில் ஒரே பேருந்தில் ஏறிவிட்டன. என்னை நடுவில் நிறுத்தி நான்கு நிறுத்தங்கள் விவாதித்தன. இறுதியில் உடன்பாடு ஏற்பட்டது. தொப்பி தேவைதான், ஆனால் இந்தத் தொப்பி கூடாது.

ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து நான் முழுநேரமும் அலுவலகம் போயாக வேண்டும். அதற்குள் லெவ்கேவுக்கு ஒரு மழலையர் பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும். எங்கள் பகுதியில் இருந்தது ஒரே ஒரு இடம். கிடைக்காவிட்டால் அவள் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், சில்யாவின் அக்கா வீட்டில் வளர வேண்டும். அக்கா அறையைத் தயார் செய்து, ஜன்னலுக்கு யானை போட்ட திரைச்சீலையும் மாட்டி, படம் எடுத்து அனுப்பியிருந்தார். படத்தைப் பார்த்தேன். நல்ல திரைச்சீலை.

விஷயம் முற்றியது இறைச்சிக் கடையில். எங்கள் ஊரில் கடைக்கு வரும் குழந்தைக்கு ஒரு துண்டு சாசேஜ் கொடுப்பார்கள். இலவசம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அதற்கு விலை உண்டு. குழந்தை "நன்றி" சொல்ல வேண்டும்.

"என்ன சொல்லணும் பாப்பா?" என்று கடைக்காரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

லெவ்கே மென்றாள். வரிசையில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் விழுங்கினாள். கடைக்காரம்மாவின் கை இரண்டாவது துண்டோடு அந்தரத்தில் நின்று, பிறகு பின்வாங்கியது. பின்னாலிருந்து ஒரு குரல், தன் அக்கா பேரன் இந்த வயதில் இரண்டு மொழிகளில் நன்றி சொல்வான் என்று கடைக்குப் பொதுவாக அறிவித்தது.

"சந்தோஷம்," என்றேன். அன்று நான் பேசிய மொத்தப் பேச்சு அதுதான்.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் படிவங்கள் வடிவமைப்பவன். நல்ல படிவம் என்பது நிரப்பப்படாத படிவம். என் படிவங்களைக் கையில் வாங்கி, மனம் மாறி, இழப்பீடே வேண்டாம் என்று வீடு திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்தக் கலையை என் மகளுக்காகப் பயன்படுத்த முடிவு செய்தேன்.

"குழந்தை குறித்த கருத்துப் பதிவு." இரண்டு பக்கங்கள், இரண்டு பிரதிகள். கருத்துரைப்பவரின் பெயர், முகவரி, தகுதி. குழந்தையைக் கவனித்த தூரம், மீட்டரில். கவனித்த நேரம், நொடிகளில். ஒப்பிடப்படும் குழந்தையின் பெயர், உறவுமுறை, முதல் வாக்கியம் பேசிய தேதி, அதற்குச் சாட்சி இருவர். பரிந்துரை. கையொப்பம். ஒன்பதாம் கேள்வியிலேயே பேனாவை மூடிவிடுவார்கள் என்று கணித்தேன்.

நானும் இதே ஊரில் பிறந்தவன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் மக்களிடம் ஒரு படிவத்தை நீட்டினால் அவர்கள் வெட்கப்படுவதில்லை. இத்தனை நாள் கழித்து யாரோ நம்மை முறைப்படி கேட்கிறார்கள் என்று நெகிழ்ந்துவிடுவார்கள்.

முதல் படிவத்தைப் பெற்றவர் திருமதி மெய்னென். முப்பது ஆண்டுகள் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேருந்து நிறுத்தத்தில் லெவ்கேவை ஒரு நோட்டம் விட்டு, குழந்தை குதிகாலை ஊன்றாமல் நடக்கிறது, பேச்சும் இல்லை, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார். நான் படிவத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டி இரண்டு பக்கங்களையும் படித்தார். தன் பேருந்தைப் போகவிட்டார். அடுத்ததையும் போகவிட்டார்.

"தம்பி, பரிந்துரைக்கு நாலு வரிதான் விட்டிருக்கீங்க."

"போதாதா மேடம்?"

"எப்படிப் போதும்? தனித்தாள் இணைக்கலாமா?"

"இணைக்கலாம்."

"இணைப்புன்னு மேல எழுதணுமா, பின்னிணைப்புன்னா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே முடிவு செய்துவிட்டார். எழுதி முடித்து, ஒரு பிரதியைத் தனியே எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குழந்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதைத்தான் நாற்பது நொடிகளில் பார்த்து எழுதிவிட்டாரே.

மூன்றே வாரங்களில் நாற்பத்தொரு படிவங்கள் சேர்ந்தன. எனக்குத் தெரியாதவர்கள் தெருவைக் கடந்து வந்து, "படிவம் கொடுக்கிறவர் நீங்கதானா?" என்று விசாரித்தார்கள். ஒருவர் அளவுநாடா கொண்டுவந்து, கவனித்த தூரம் இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்டார். திரு ஆடிக்ஸ் என்ற பெரியவர் சைக்கிளை என் குறுக்கே நிறுத்தினார். பாப்பா இன்னும் ரப்பர் சூப்பானை வாயில் வைத்திருப்பது குறித்துப் போன மாதம் இருபதாம் தேதி தான் கொடுத்த கருத்துக்கு இதுவரை பதில் இல்லையாம்.

"பதினாலு நாள்ல பதில் போடணும் சார். அதுதான் முறை."

"மன்னிக்கணும். வேலை அதிகம்."

"ஆள் பத்தலன்னா சொல்லுங்க. நாங்க இருக்கோம்ல?"

இருந்தார்கள். எங்கள் நாட்டில் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். பத்தொன்பது பேர் வந்தார்கள். ஒரு மதுக்கடையின் பின்னறையில், கீரை மசியலும் சாசேஜும் சாப்பிட்டுவிட்டு, "தெருமுனைக் குழந்தை வளர்ச்சிக் கண்காணிப்புச் சங்கம்" தோற்றுவிக்கப்பட்டது. தலைவர் திருமதி மெய்னென். துணைத் தலைவர் திரு ஆடிக்ஸ். கையெழுத்து தெளிவாக இருந்ததால் நான் செயலாளர்.

முதல் தீர்மானம், குழந்தை பேச வேண்டும் என்பது. எதிர்ப்பின்றி நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். தீர்மானம் குழந்தைக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவள் தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மேலும், விதிப்படி அவள் உறுப்பினர் அல்ல.

மழலையர் பள்ளி இடத்துக்கு நான் விண்ணப்பித்திருப்பதை யாரோ சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். செயலாளருக்கு உதவுவது சங்கத்தின் கடமை என்று திருமதி மெய்னென் கருதினார். அதுவரை சேர்ந்திருந்த அறுபத்து மூன்று படிவங்களையும் பின்னிணைப்புகளோடு கட்டி, உறுப்பினர்களின் நல்வாழ்த்துகளுடன் பள்ளிக்கு அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகு எனக்கு ஒரு பிரதி வந்தது. முறைப்படி.

நேர்காணல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அந்தப் பள்ளியைப் பெற்றோர்களே சேர்ந்து நடத்துகிறார்கள். மாதம் இருமுறை சமைக்க வேண்டும், பனி பெய்தால் வாசலைப் பெருக்க வேண்டும். யாருக்கு இடம் என்பதைப் பொறுப்பாளர் திருமதி ஓங்கன் சொல்வார். ஐம்பது வயது இருக்கும். ஸ்வெட்டர் முழுக்க உலர்ந்த பெயின்ட். அவர் மேசையில் எங்கள் சங்கத்தின் கோப்பு. அவருக்கு எதிரே குழந்தை நாற்காலியில் முழங்கால் மோவாயைத் தொட நான். லெவ்கே மூலையில் மரக்கட்டைகளோடு இருந்தாள்.

அவர் அவசரமில்லாமல் புரட்டினார். இருபதாம் படிவத்தில் குழந்தைக்கு ஊட்டம் போதவில்லை. இருபத்தொன்றில் அதிக ஊட்டம். முப்பத்து நான்கில் தகப்பன் குழந்தையைத் தூக்கிக்கொண்டே திரிகிறான். முப்பத்தைந்தில் தூக்குவதே இல்லை. இரண்டும் ஒரே நாள், ஒரே பேருந்து. நாற்பத்தெட்டில், இது தாயின் வேலை, தாய் எங்கே போனாள் என்று பென்சிலால் எழுதி அழிக்கப்பட்டிருந்தது. அந்தத் தாளில் அவர் சற்று நேரம் நின்றார். யானைத் திரைச்சீலை எனக்கு ஞாபகம் வந்தது.

"யாரு போட்ட படிவம் இது?"

"நான்தான்."

"நல்லா போட்டிருக்கீங்க. ஆனா குழந்தை பேரு எழுத இடமே விடலையே."

நான் கோப்பை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அறுபத்து மூன்று பேரில் ஒருவரும் அந்தக் குறையைச் சுட்டிக்காட்டவில்லை. பின்னிணைப்புகளில்கூட.

"பேரு என்ன?"

"லெவ்கே."

அவர் எழுந்து போய் மூலையில், தரையில் உட்கார்ந்தார். முழங்கால் சொடுக்கியது. ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு, சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் பேசினார்.

"லெவ்கே, இந்த நீலக் கட்டைய நான் வச்சா கோபுரம் விழுந்துடுமோ? நீ என்ன நினைக்கிற?"

லெவ்கே பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

பின்னால் சுவர். மறுபடி திருமதி ஓங்கனைப் பார்த்தாள். பிறகு இன்னொரு பக்கமாகத் திரும்பி, அங்கே யாராவது இருக்கிறார்களா என்று தேடினாள்.

"யாரைத் தேடுறா?" என்று திருமதி ஓங்கன் என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரிந்தது.

"நீங்க யார்கிட்ட கேட்டீங்கன்னு பாக்குறா."

அவர் தலையாட்டினார். அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டார். லெவ்கே அந்தக் கட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, கோபுரத்தின் மேல் வைத்து, விழும்வரை காத்திருந்து, "விழும்," என்றாள்.

திருமதி ஓங்கன் எழுந்தார்.

"இவளுக்கு இடம் உண்டு. ஆகஸ்ட் ஒண்ணு, காலைல எட்டு மணி. உங்களைச் சேர்த்துக்கறதுதான் கொஞ்சம் யோசனையா இருக்கு. வீட்ல இவகிட்ட யாரு பேசுறா?"

நான் கோப்பை மூடி நாடாவைக் கட்டினேன்.

மழலையர் பள்ளி இடத்தையும் அந்த ஒரு சொல்லையும் சங்கம் தன் சாதனைகளாக அறிவித்தது. கூட்டக் குறிப்பு எழுத வேண்டியவன் நான். உறுப்பினர்களைக் கண்டித்து ஒரு பத்தி சேர்த்தேன். குழந்தை ஏன் பேசவில்லை என்று அறுபத்து மூன்று பேர் எழுதினீர்களே, ஒருவராவது அவளிடம் பேசினீர்களா என்று கேட்டிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன். அவர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு நியாயம் இருக்கிறது. அவர்கள் அந்நியர்கள். நான் அவளோடு பதினான்கு மாதங்கள் ஒரே வீட்டில் இருந்தேன்.