சத்தமில்லாத சந்து

“சேவல்,” என்றார் ஹென்ரிக், காலைக் காப்பியை வாங்கிக்கொண்டே. கூடவே “ப்ளீஸ்” என்றும் சொன்னார்.

பக்தவத்சலத்தைப் பயமுறுத்தியது அந்தப் ப்ளீஸ்தான். போர்ட் பிளேரில் முப்பத்திரண்டு வருஷம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் அவர். கத்துகிற பயணி கத்திவிட்டு வரிசையிலேயே நிற்பான். ப்ளீஸ் போடுகிறவன் சொல்லாமல் கொள்ளாமல் ஃப்ளைட்டுக்குப் போய்விடுவான் என்பது அவர் கண்ட பாடம்.

ஹென்ரிக் வந்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. டாக்சியும் ஓட்டி வீடும் பார்த்துக் கொடுக்கிற ராபின்தான் அவரைக் கொண்டுவந்து விட்டான்.

“பார்ட்டி நார்வேக்காரரு, அங்கிள். வேலை விஷயமா ரெண்டு மாசம் தங்கப் போறாரு. ஹோட்டல் வேணாமாம். குடும்பங்க இருக்கிற எடமா, ஹெல்தியா, அமைதியா ஒரு ஏரியா வேணுமாம்.”

“என்ன வேலையாம்?”

“அரே, அதெல்லாம் கேக்காதீங்க. ஃபாரின்காரங்களுக்குக் கேள்வி கேட்டாலே புடிக்காது. நீங்க சுப்சாப்னு வாய மூடிட்டு இருந்தா போதும், வாடகை தன்னால வரும்.”

மகள் கல்யாணமாகி மெயின்லேண்டுக்குப் போனதிலிருந்து மாடி அறை பூட்டியே கிடந்தது. மனைவி வசந்தகுமாரிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், சென்னைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம். இந்த வாடகை வந்தால் போய்விடலாம். அதற்காக ஒரு சேவலைச் சமாளிக்க முடியாதா?

லம்பா லைன் ஏரியாவிலிருந்து உள்ளே இறங்குகிற அந்தச் சந்தில் பதினோரு வீடுகள். கோடியில் ஒரு காலி மைதானம். சேவல் அடுத்த வீட்டு அல்போன்ஸுடையது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். சொந்தப் படகு வைத்திருந்தான். கடலுக்குப் போகாத நேரத்தில் மற்றவர்களின் படகு எஞ்சின்களை வாசலில் போட்டு ரிப்பேர் பார்ப்பான்.

“சேவல் கூவாம பின்ன இங்கிலீஷா பேசும், அண்ணாச்சி?” என்றான் அல்போன்ஸ்.

“கோவப்படாம கேளு. இந்த மனுஷன் திருப்தியாப் போனா, அவங்க ஊர்ல நாலு பேர்கிட்ட சொல்லுவாரு. அப்புறம் வீட்டுக்கு ஒரு ஃபாரின்காரனை ராபின் கொண்டாந்து விடுவான். உன் மாடி ரூமும் சும்மாதானே கெடக்கு? ரெண்டு வருஷத்துல நம்ம சந்தே டூரிஸ்டுங்க மொய்க்கிற ஒரு ஹேவ்லாக் தீவு ஆயிடும்.”

அல்போன்ஸ் சேவலைப் பார்த்தான். சேவல் அவனைப் பார்த்தது. மத்தியானம் அவன் மனைவி ரோசலின் ஒரு கிண்ணத்தில் கோழிக்குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அல்போன்ஸை எழுப்பிக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததே அந்தச் சேவல்தான் என்பது மறுநாள் தெரிந்தது. அவன் செல்போனில் அலாரம் வைத்து, அது போதாதென்று படகு ஸ்பீக்கரையும் அதில் இணைத்திருந்தான். விடிவதற்கு முன் அது நான்கு தடவை அலறியது. சந்து முழுக்க எழுந்துகொண்டது, அல்போன்ஸைத் தவிர.

“அலாரம்,” என்றார் ஹென்ரிக். “ப்ளீஸ்.”

“நானே வந்து கதவைத் தட்டி எழுப்புறேம்பா,” என்று பக்தவத்சலம் அல்போன்ஸிடம் வாக்குக் கொடுத்தார்.

இருட்டில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நடந்த அவரைச் சந்து நாய்கள் நான்கும் திருடன் என்றே முடிவு செய்தன. வாயடைக்க மறுநாள் மீன் தலைகளோடு போனார். நாய்கள் குரைக்கவில்லை. ஆனால் சேதி பரவி, மூன்றாம் நாள் பதினோரு நாய்கள் வந்து, மீனுக்காக ஒன்றையொன்று கடித்துக்கொண்டு புரண்டன.

ஹென்ரிக் “நாய்” என்று ஆரம்பிப்பதற்குள்ளேயே பக்தவத்சலம் ராபினுக்குப் போன் போட்டுவிட்டார். பதினொன்றையும் மூன்று நடையாக வண்டியில் ஏற்றி எங்கோ தூரத்தில் விட்டுவந்தார்கள். நாய்கள் இல்லாத சந்துக்குள் மாடுகள் தைரியமாக நுழைந்தன. வசந்தகுமாரியின் கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டு, மாடி அறைக்குக் கீழே நின்று நிதானமாகக் கத்தின. அன்று முதல் பக்தவத்சலம் கையில் கம்போடு சந்து முனையில் நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கினார்.

“முப்பத்திரண்டு வருஷம் கவர்ன்மென்ட் உத்தியோகம் பாத்துட்டு இப்ப மாடு மேய்க்கிறீங்க,” என்றாள் வசந்தகுமாரி.

“மேய்க்கல. மேய விடாமப் பாத்துக்கறேன்.”

“அந்த வேலைக்குப் பேரு என்னவோ, அதைச் செய்யுங்க.”

ஹென்ரிக் மட்டும் சந்தோஷமாகத்தான் இருந்தார். பகலில் ராபினின் காரில் எங்கெங்கோ போய்விட்டு மாலையில் வருவார். பால்கனியில் ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருந்தார். சத்தம் வந்தால் அதில் எண் ஏறும், அடங்கினால் இறங்கும். அதைப் பார்த்து நோட்டில் ஏதோ எழுதிக்கொள்வார்.

அந்தப் பெட்டி பக்தவத்சலத்தின் தூக்கத்தைக் கெடுத்தது. ஹென்ரிக் வெளியே போயிருக்கிற சமயம் மாடிக்கு ஏறிப் பார்த்தார். கீழே வசந்தகுமாரி மிக்ஸி போட்டதும் எண் விர்ரென்று ஏறியது. படியிறங்கி ஓடினார்.

“ஏம்மா, சட்னியை இனிமே அம்மியில அரைக்க முடியுமா?”

வசந்தகுமாரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “கீழ உக்காந்து எந்திரிக்க முடியலேன்னுதானே ஆபரேஷனே?”

“அதுக்காகத்தான் சொல்றேன். ரெண்டே மாசம்.”

அவள் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தாள். எழுவதற்குச் சுவரையும் அவரையும் பிடித்துக்கொண்டாள். குக்கர் விசிலும் நின்றது. சாதம் பானையில் கொதித்தது.

தன் வீட்டை அடக்கியவருக்கு அடுத்தவர்களைக் கேட்கக் கூச்சம் விட்டுப்போனது. ரோசலினின் கருவாட்டு நாற்றம் ஹெல்த்துக்கு ஆகாது என்றார். அவள் அதை அள்ளிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போய்க் காயப்போட்டாள். எஞ்சின் ரிப்பேரை வாசலில் வைக்காதே என்றார். அல்போன்ஸ் ஒவ்வொரு எஞ்சினையும் தோளில் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு இறங்கி, நான்காவது எஞ்சினில் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். கோடி மைதானத்தில் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளை விரட்டினார். அழுத குழந்தையை மெயின் ரோட்டுக்குத் தூக்கிப்போய் அழவைத்துத் திரும்பக் கொண்டுவந்தாள் ஒரு வங்காளிப் பெண்.

எதிர்த்து யாரும் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் இருந்தது. மற்ற பத்து வீட்டிலும் மாடி அறைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதையும் சத்தமில்லாமல் அடித்தார்கள்.

ஹென்ரிக் கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போதுதான் அல்போன்ஸின் மகள் சோனியாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தெற்கே இன்னொரு தீவிலிருக்கிற ஹட் பேயிலிருந்து கப்பலில் வந்தார்கள். ஸ்பீக்கர் செட்டுக்குச் சொல்லியிருந்தான் அல்போன்ஸ். முந்தின நாள் பக்தவத்சலம் போய் நின்றார்.

அவர் வாயைத் திறக்குமுன் ரோசலின் சொன்னாள். “வேண்டாம் அண்ணாச்சி. இதை மட்டும் கேக்காதீங்க. ஒத்தப் புள்ளை எனக்கு.”

“ரோசலின், இவ்வளவு நாள் கட்டிக் காத்துட்டோம். இன்னும் ஒன்பது நாள்மா. இப்ப போய் ஒரே ராத்திரியில கெடுத்துக்கணுமா? கல்யாணத்துக்கு நீ பேண்டே வையி, நான் முன்னாடி நின்னு ஆடறேன்.”

அல்போன்ஸ் இடுப்பில் கைவைத்தபடியே போனை எடுத்து ஸ்பீக்கர் செட்டை வேண்டாம் என்று சொன்னான்.

நிச்சயதார்த்தம் நடந்தது. பாட்டு இல்லை. பிள்ளைகள் ஓடவில்லை. சந்துக்காரர்கள் பழக்க தோஷத்தில் காதோடு காதாகத்தான் பேசினார்கள். பிரியாணி பரிமாறியவர்கள் கரண்டி பாத்திரத்தில் படாமல் எடுத்தார்கள். பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த சோனியா, தன் வீட்டு விசேஷம்தானா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அத்தை பக்தவத்சலத்தின் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டாள்:

“யாருங்க தவறிட்டது?”

நாலாம் நாள் ஹட் பேயிலிருந்து போன் வந்தது. வீட்டில் கலகலப்பே இல்லை, ஏதோ மறைக்கிறார்கள் போலிருக்கிறது என்று பெரியவர்கள் நினைக்கிறார்களாம். இப்போதைக்கு வேண்டாம், பார்க்கலாம் என்றார்களாம்.

மறுநாள் விடிவதற்கு முன் பக்தவத்சலம் கதவைத் தட்டப் போனபோது அல்போன்ஸ் ஏற்கெனவே வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். தூங்கியதாகவே தெரியவில்லை.

“இனிமே வர வேண்டாம் அண்ணாச்சி,” என்றான். “எங்க வீட்ல யாரையும் எழுப்ப வேண்டாம்.”

அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதைக்கூட ஓசைப்படாமல் சாத்தினான். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

ஹென்ரிக் கிளம்புகிற அன்று சந்தில் ஒருவர் விடாமல் கைகுலுக்கினார். வசந்தகுமாரிக்கு ஒரு பெட்டி சாக்லெட் கொடுத்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டாள். எழுந்து நிற்க முடியாமல் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. “உங்களைப் போன்ற ஜனங்களை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை,” என்று இங்கிலீஷில் சொல்லும்போது அவர் கண்கூடக் கலங்கியது. எல்லோரும் வாசலில் நின்று, சத்தமில்லாமல், கையை மட்டும் ஆட்டினார்கள்.

வாடகைப் பணத்தோடு பக்தவத்சலம் டாக்டரிடம் போனார். இந்த நிலைமையில் கப்பலோ ஃப்ளைட்டோ உடம்பு தாங்காது, முதலில் வீக்கம் வடியட்டும் என்றார் டாக்டர். “கீழ உக்காந்து ஏதாவது வேலை செஞ்சாங்களா?” என்றும் கேட்டார். பக்தவத்சலம் வாடகைப் பணத்தை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் போயிற்று. ராபின் யாரையும் கொண்டுவரவில்லை. பத்து மாடி அறைகளிலும் பெயின்ட் வாடை மட்டும் குடியிருந்தது. ஆனாலும் யாரும் சத்தம் போடவில்லை. எந்த நேரமும் யாராவது வந்துவிடலாம் என்று காத்திருந்தார்கள்.

ஒரு காலையில் ஜீப் ஒன்று வந்து கோடி மைதானத்தில் நின்றது. நான்கு பேர் இறங்கி டேப் பிடித்து அளந்து, சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்தார்கள். பக்தவத்சலம் வேகமாக நடந்தார். அவருக்குப் பின்னால் சந்தே வந்தது. அல்போன்ஸும் தள்ளி வந்து நின்றான்.

கையில் ஃபைலோடு நின்ற பெண்ணின் கழுத்து அட்டையில் அகிலா என்று போட்டிருந்தது. தமிழ்ப்பெண் என்றதும் பக்தவத்சலத்துக்குத் தெம்பு வந்தது.

“என்னம்மா, ரிசார்ட் வருதா?”

“இல்ல அங்கிள், பவர் ஹவுஸ். ஆறு டீசல் ஜெனரேட்டர். ராத்திரி பகல் நிக்காம ஓடும்.”

பக்தவத்சலம் சிரித்துவிட்டார். “தப்பான எடத்துக்கு வந்துட்டீங்கம்மா. இது போர்ட் பிளேர்லயே அமைதியான ஏரியா. ஃபாரின்காரரே வந்து ரெண்டு மாசம் தங்கிட்டுப் போயிருக்காரு. ஹென்ரிக்னு பேரு. வேணும்னா அவரையே கேட்டுப் பாருங்க.”

“ஹென்ரிக் சாரா? ஜெனரேட்டர் கம்பெனியில எடம் பாக்க அனுப்பின இன்ஜினீயரே அவர்தானே அங்கிள்!” அகிலா முகமெல்லாம் சிரிப்பாக ஃபைலைத் திறந்து காட்டினாள். “மத்த ரெண்டு எடத்துலயும் அளக்கப் போனதுக்கே ஜனங்க சண்டைக்கு வந்துட்டாங்களாம், இங்க மட்டும்தான் எதை மாத்திக்கச் சொன்னாலும் ஏன்னு ஒரு கேள்விகூடக் கேக்க மாட்டேங்குறாங்கன்னு, உங்களைப் பத்தியே ரெண்டு பக்கம் பாராட்டி எழுதியிருக்காரு!”