எக்காளத்துக்கு என்ன அர்த்தம்?

காஞ்சிபுரத்தில் பட்டை விடக் கெட்டியான சரக்கு ஒன்று உண்டென்றால், அது எங்கள் எக்காளத்தாரின் பிடிவாதம்தான். சின்ன காஞ்சிபுரத்தில், எங்கள் தெருப் பெருமாள் கோயிலில் பித்தளை எக்காளம் ஊதியவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அவர் மனைவிக்கே மறந்துபோயிருக்கும்.

ஊதுவதை விட, எக்காளம் என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்வதில்தான் அவருக்கு மோகம். "வயித்தை எக்கி ஊதறோமில்ல, அதான்பா எக்காளம்!" என்பார். தறி நெய்யும் தெலுங்குக்காரர் கேட்டால், "உங்க பாஷையில எக்குன்னா ஏறு. பெருமாள் வாகனம் ஏறச்சொல்லோ ஊதறது!" என்பார். "நேத்து வேற சொன்னியே?" என்றால், "நேத்து கேட்டது வேற ஆளுபா!"

கருட சேவைக்கு முதல் நாள் வந்தது வினை. பிரசாத வரிசையில் இளவட்டங்கள் ஒருவரையொருவர் கேலி பண்ணிக் கூச்சல் போட்டார்கள். கோயில் நிர்வாகம் பார்த்த மணியக்காரர் என்னைக் கூப்பிட்டு, "கண்டிச்சு ஒரு நோட்டீஸ் எழுதுடா" என்றார். நான் கோயில் குமாஸ்தா. புலமை காட்டத் துடிக்கும் வயசு. கேலிச் சிரிப்புக்கும் எக்காளம் என்று பெயருண்டே! 'கோயிலுக்குள் எக்காளம் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

மறுநாள் காலை பெருமாள் கருடன்மேல் தயார். எக்காளத்தாரைக் காணோம். எக்காளம் ஊதாமல் அங்கே பெருமாள் வாசற்படி தாண்டுவதில்லை. மணியக்காரர் நோட்டீசைப் படித்தார். என்னைப் பார்த்தார். "அவரோட வா. இல்லேன்னா நீயும் வராதே!"

அவர் வீட்டுக்கு ஓடினேன். மனிதர் எக்காளத்தை வேட்டியில் சுற்றிக்கொண்டு, மாகறல் கிராமத்தில் மகள் வீட்டோடு போய் இருந்துவிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"முப்பது வருசமா ஊதிக்கினு இருக்கேன்பா. வேணாம்னா வாயால சொல்லக்கூடாதா? செவுத்துல ஒட்டணுமா?"

"ஐயையோ, உங்களைச் சொல்லலீங்க! எக்காளம்னா கேலின்னும் ஒரு அர்த்தம் இருக்குதுங்க!"

எத்தனையோ அர்த்தம் சொன்ன மனிதர், இதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "கேலிக்கு எகத்தாளம்னு தனியா ஒரு சொல்லு இருக்குதே! அத்த வுட்டுட்டு என்னுதுல ஏன்பா கைய வெச்சே?"

அவர் காலில் விழுந்தேன். கையைப் பிடித்துக் கோயிலுக்கு அழைத்து வந்தேன்.

அவர் கண்முன்னே 'எக்காளம்' என்பதை அடித்து 'எகத்தாளம்' என்று எழுதினேன். எழுத்துக்கூட்டிப் படித்துச் சரிபார்த்த பிறகே மூட்டையைப் பிரித்தார். ஊதினார் பாருங்கள், மரக் கருடனே பறந்துவிடும் போலிருந்தது! எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை தப்பியதற்காக மட்டும் இல்லை.

ஊர்வலம் முடிந்ததும் என் தோளைத் தட்டினார். "உன் பேருக்கு இன்னாபா அர்த்தம்?"

தெரியாது என்றேன்.

"நாளைக்கு வூட்டாண்ட வா, சொல்றேன்."

போனேன். அவர் இருந்தவரைக்கும், தினம் ஒரு அர்த்தம் கேட்கப் போய்க்கொண்டே இருந்தேன்.