ஊசி ஏன் வளஞ்சிருக்கு, டாக்டர்?

எனக்குக் கோபம் வருகிறது என்றால் தப்பு என் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். இதை என் வீட்டில் எல்லோரும் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு அது புரிவதற்குத்தான் ஒரு மனிதரின் கல்லீரலும் அவர் மனைவியின் வாயும் தேவைப்பட்டன.

ஸ்கேன் டாக்டராகப் படிப்பை முடித்து, கும்பகோணத்துப் பக்கம் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிது. நடையில் ஒரு மிடுக்கு, கழுத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப். (ஸ்கேன் டாக்டருக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள். அன்று யாரும் கேட்கவில்லையே என்று எனக்கே இப்போது ஆத்திரமாக இருக்கிறது.) ஆஸ்பத்திரி முதலாளி ஸ்கேன் அறைச் சுவரில் ஒரு பெரிய டிவியை மாட்டி வைத்திருந்தார். மெஷினில் தெரிவதெல்லாம் அதிலும் தெரியும். நம் பக்கத்தில் நோயாளி ஒருவர் வந்தால் அவரோடு நாலு பேர் வருவார்கள், நாலு பேரும் பார்த்தே ஆக வேண்டும் என்பார்கள். அதற்காக அந்த ஏற்பாடு.

அங்கேதான் கலியபெருமாள் வந்தார். நன்னிலம் பக்கத்து விவசாயி, நாற்பது வயதிருக்கும். கல்லீரலில் ஆரஞ்சுப் பழ அளவுக்குச் சீழ்க்கட்டி. மாத்திரை மருந்துக்கு அடங்கவில்லை. ஊசியை உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்தாக வேண்டும். விட்டுவைத்தால் வயிற்றுக்குள்ளேயே உடையும், உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

மனிதர் வயலில் பாம்பைக் கண்டால் வாலைப் பிடித்துத் தூக்கி வரப்புக்கு அந்தப் பக்கம் எறிகிறவர். ஆனால் ஊசியைக் கண்டால் ஓட்டம். ஏற்கனவே இரண்டு ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து ஓடியிருந்தார். ஒன்றிலிருந்து சலைன் பாட்டிலோடு. அவர் மனைவி மலர்க்கொடி நாலு நாள் கெஞ்சி, அழுது, பட்டினி கிடந்து அவரை எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அப்போதும் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மைத்துனர் ரமேஷ் பார்க்க வேண்டும். “அவன் பாத்து சரின்னு சொன்னாதான் நான் படுப்பேன்.”

புத்தியுள்ள டாக்டர் என்ன செய்திருப்பார்? “அதெல்லாம் முடியாது” என்று தன்மையாகச் சொல்லியிருப்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தாராளமா பாக்கட்டும். அந்தக் காலம் மாதிரி குத்துமதிப்பா குத்துறது இல்ல இது. ஊசி நுனி வரைக்கும் டிவியில பளிச்சுன்னு தெரியும். நீங்களே பாப்பீங்க!”

மலர்க்கொடி தம் கைபேசியில் வீடியோ கால் போட்டு, அதை டிவியை நோக்கிப் பிடித்தார். “மச்சான், தைரியமா படுங்க, நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்” என்றது சிங்கப்பூர். கலியபெருமாள் படுத்தார்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒரே ஒரு விதியைத்தான் மண்டையில் அடித்து ஏற்றியிருந்தார். ஊசி கண்ணுக்குத் தெரியவில்லையா, ஒரு நூலளவுகூட உள்ளே தள்ளாதே. ஏனென்றால் வயிற்றின் மேல் வைக்கிற அந்த ஸ்கேன் கருவி, தனக்கு நேர் கீழே ஒரு மெல்லிய கீற்றை மட்டும்தான் பார்க்கும். ஊசி அந்தக் கீற்றுக்குள்ளேயே போனால் முழுசாகத் தெரியும். கொஞ்சம் விலகினாலும் காணாமல் போய்விடும். அந்த விதியை நான் நோட்டில் சிவப்பு மையால் எழுதி, இரண்டு கோடு வேறு போட்டு வைத்திருந்தேன். நோட்டு விடுதி அறையில் பத்திரமாக இருந்தது.

மரத்துப்போக மருந்து போட்டேன். இடது கையில் கருவி, வலது கையில் ஊசி, கண் இரண்டும் டிவியில். ஊசியை நுழைத்தேன். டிவியில் கல்லீரல் தெரிந்தது, சீழ்க்கட்டி கறுப்பாகத் தெரிந்தது, ஊசியைக் காணோம்.

“டாக்டர், ஊசி எங்க?” என்றது சிங்கப்பூர்.

“வரும்” என்றேன். (பஸ்ஸா வருவதற்கு?)

வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. முதலில் நர்ஸ் விஜயா மேல். “என்ன சிஸ்டர் மெஷின வச்சிருக்கீங்க? பிரைட்னஸ ஏத்துங்க!” அவர் ஏற்றினார். “இன்னும் ஏத்துங்க!” ஏற்றினார். டிவி முழுக்கக் கோலமாவைக் கொட்டியது போல் வெள்ளையாகிவிட்டது. இருந்த கட்டியும் தெரியவில்லை. “யாரு இவ்வளவு ஏத்தச் சொன்னது?” என்று அதற்கும் கத்தினேன். பிறகு ஜெல் சரியில்லை என்றேன். ஏசி சரியில்லை என்றேன். பிறகு கலியபெருமாளைப் பிடித்துக்கொண்டேன். “நீங்க மூச்சு விட்டுக்கிட்டே இருந்தா எப்படி? அடக்குங்க!”

அடக்கினார். நான் ஊசியை இப்படி அசைத்து, அப்படி அசைத்து, டிவியில் தேடிக்கொண்டே இருந்தேன். “சார், அவரை மூச்சு விடச் சொல்லுங்க” என்று விஜயா மெதுவாகச் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. மனிதருக்கு முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிருந்தது.

அப்போதுதான் டிவியின் ஒரு ஓரத்தில் பளீரென்று ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. “அதோ! ஊசி! பாத்தீங்களா சிங்கப்பூர்?” என்று கூவினேன். (அந்த ஆளுக்குப் பெயர் இருந்தது. பதற்றத்தில் நாட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.)

மலர்க்கொடிதான் பேசினார். “ஊசி ஏன் வளஞ்சிருக்கு, டாக்டர்?”

வளைந்துதான் இருந்தது. அரிவாள் மாதிரி. அதோடு கலியபெருமாள் மூச்சை இழுத்தால் இறங்கியது, விட்டால் ஏறியது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசை அது. முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும். நான் அதை ஊசி என்று கடல் தாண்டி அறிவித்துவிட்டேன்.

வெட்கப்பட வேண்டிய நேரம். ஆனால் எனக்கு வெட்கம் எப்போதும் கோப வேஷத்தில்தான் வரும். “டாக்டர் நீங்களா நானா? முதல்ல போன ஆஃப் பண்ணிட்டு வெளிய போங்கம்மா!” என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தினேன்.

கலியபெருமாள் எழுந்தார். வயிற்றில் ஊசியோடு. “அவ வெளிய போனா நானும் போறேன். மலரு, என் சட்டைய எடு.” ஒரு கால் கட்டிலை விட்டுக் கீழே வந்துவிட்டது.

நான் ஊசியை வெளியே உருவினேன். அன்று நான் செய்த முதல் சரியான வேலை அதுதான். இந்த மனிதர் இப்போது போனால் இனி எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க மாட்டார். வீட்டில் வைத்துக் கட்டி உடையும். அதற்குக் காரணம் நான், என் வாய்.

மலர்க்கொடி கைபேசியை விஜயாவிடம் கொடுத்தார். ஒரே கையால் கணவரின் தோளைப் பிடித்து அழுத்தினார். “படுங்க.” படுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இந்த மனுசன இங்க கொண்டாந்து படுக்க வைக்க நாலு நாளு சோறு திங்காம கெடந்தேன். நீங்க என்னடான்னா சிஸ்டர திட்டுறீங்க, மெசின திட்டுறீங்க, மூச்சு விடுறவர திட்டுறீங்க. வந்ததுலேருந்து டிவியவே பாத்துக்கிட்டு இருக்கீங்களே, ஒரு தடவையாச்சும் உங்க கையப் பாத்தீங்களா? இவரும் இப்படித்தான். டிவிய பாத்துக்கிட்டே சாப்பிடுவாரு, பாதி சோறு தட்டுக்கு வெளிய கெடக்கும். கையப் பாருங்க டாக்டர், கைய!”

பார்த்தேன். இடது கையும் வலது கையும் இன்னும் அதே நிலையில்தான் விறைத்து நின்றன. ஒன்று குடவாசலைப் பார்த்திருந்தது. இன்னொன்று திருப்பனந்தாளைப் பார்த்திருந்தது. இரண்டும் சந்திக்க வாய்ப்பே இல்லை. ஊசி கீற்றுக்குள் நுழையவே இல்லை, நான் உலகத்தையே திட்டிக்கொண்டிருந்தேன்.

“மன்னிச்சுக்குங்கம்மா. நீங்க இங்கயே இருங்க” என்றேன். எனக்கே கேட்காத குரலில். கலியபெருமாளிடமும் கேட்டேன், “இன்னும் ஒரே ஒரு தடவை, சரிங்களா?” அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையசைத்தார். சிங்கப்பூரைக் கேட்கவே இல்லை.

வேறு ஊசி எடுத்தேன். இந்த முறை முதலில் கையைப் பார்த்தேன். கருவியின் நடுக்கோடும் ஊசியும் ஒரே நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தபிறகு நுழைத்தேன். அதன்பிறகுதான் தலையை நிமிர்த்தினேன். டிவியில் ஊசி முழுசாக, நேராக, நுனி மின்ன இறங்கிக்கொண்டிருந்தது. சிரிஞ்சில் சீழ் ஏறியது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரும் அன்று இருக்குமே, அந்தப் பழுப்பு நிறம்.

“இப்ப நேரா இருக்கு” என்றார் மலர்க்கொடி. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கலியபெருமாள் பிழைத்தார். இப்போதும் ஏதாவது என்றால் என்னிடம்தான் வருகிறார், ஊசி என்றால் இப்போதும் சட்டையைத் தேடுகிறார். அவர் மனைவி திட்டியதில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. அவர் திட்டும்வரை நான் யார் யாரையெல்லாம் திட்டினேன் என்று நினைத்தால்தான் என்னையே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது. விஜயாவிடம் மன்னிப்புக் கேட்க மூன்று நாள் தைரியம் சேர்த்தேன். கேட்டேன். அடுத்த வருடம் அவரையே கல்யாணமும் செய்துகொண்டேன். ஆக, அந்தச் சம்பவத்துக்கு வீட்டிலேயே நிரந்தர சாட்சி ஒருவர். அவர் அதை எங்கள் மகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் நடித்துக் காட்டி வளர்த்திருக்கிறார்.

போன வாரம் அவசரமாகக் கிளம்ப வேண்டும், கார் சாவியைக் காணோம். அலமாரியைத் திட்டினேன். விஜயாவைத் திட்டினேன். இந்த வீட்டில் வைத்தது வைத்த இடத்தில் இருக்காதா என்று கூரை அதிரக் கத்தினேன். இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“அப்பா, கையப் பாருங்க.”

சாவி கையில்தான் இருந்தது. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.