ஒரு பயறுப் பானையின் நல்லடக்கம்

பார்ட்லெட் கார்னர், மேய்ன் மாநிலம்
ஆகஸ்டு 20, ஞாயிறு

மாண்புமிகு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும், பன்னிரண்டு வயதில் என் டிராக்டரை ஏரிக்குள் இறக்கியவருமாகிய என் அக்காள் மகன் வெண்டலுக்கு, மாமன் ஆல்டன் தர்லோ ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம், உன் அத்தை யூனிஸ் சுகம், நாய் சுகம், என் முழங்கால் பாதி சுகம். அங்கே தலைநகரில் நீயும் நீ கைதூக்கி நிறைவேற்றிய சட்டமும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் சட்டம் எங்களைப் படுத்திய பாட்டையும், அதிலிருந்து நாங்கள் தப்பித்த விதத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

மே மாதம் நீ உன் படம் போட்டு அனுப்பிய துண்டறிக்கை வந்தது. 'பொது உணவுப் பாதுகாப்புச் சட்டம்: உங்கள் தட்டுக்கு நான் பொறுப்பு' என்று அதில் இருந்தது. அத்தை பெருமையோடு அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். ஜூன் மாதம் அதே சட்டத்தின் பெயரால் எனக்கு ஒரு விண்ணப்பப் படிவம் வந்தது. ஊர் மண்டபத்துக்குப் பின்னால் ஓடையோரம் இருக்கிற பயறுக் குழிக்கு உரிமம் வாங்க வேண்டுமாம். அந்தக் குழியை நீ மறந்திருக்க மாட்டாய். வெள்ளிக்கிழமை மேப்பிள் விறகை எரித்துத் தணலாக்கி, மஞ்சள்கண் பயறும் உப்புப் பன்றிக்கொழுப்பும் கரும்புப் பாகும் போட்ட இரும்புப் பானைகளை உள்ளே இறக்கி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் சனிக்கிழமை மாலை ஊரே வந்து சாப்பிடும். படிவத்தில் 'சமையல் கருவியைச் செய்தவர் யார்' என்று கேட்டிருந்தார்கள். கடவுள் என்று எழுதினேன். 'செய்த ஆண்டு' என்பதற்கு ஆதியாகமம் பார்க்கவும் என்று எழுதினேன். படிவம் திரும்பி வந்தது.

இது வெறும் விருந்து என்றால் நான் தோளைக் குலுக்கிவிட்டு மீன்பிடிக்கப் போயிருப்பேன். மண்டபமும் அதன் நிலமும் ஸ்ப்ரேக் பெரியவர் ஊருக்கு எழுதிக் கொடுத்தவை என்பது உனக்குத் தெரியும். பத்திரத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியாது, ஏனென்றால் நீ தலைநகரில் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறாயே தவிர எதையும் படிப்பதில்லை. 'ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்தக் குழியில் பயறு வெந்து ஊரார் உண்ணும்வரை நிலம் ஊருக்கு. ஒரு வருஷம் தவறினாலும் என் வாரிசுக்கு' என்று எழுதியிருக்கிறார். மனிதருக்குப் பயறு என்றால் உயிர். அந்த வாரிசு இப்போது ஹார்லன் ஸ்ப்ரேக். உன் சட்டம் வந்த வாரமே ஹார்லன் அளவு நாடாவோடு வந்து, மண்டபம் இருக்கிற இடத்தில் கோடைக்கு வரும் நகரவாசிகளுக்கு எத்தனை குடில் கட்டலாம் என்று அளந்து பார்த்தான். அளந்து முடித்து எங்கள் வீட்டில் காபியும் குடித்துவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், காபிக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனான்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். உணவைச் சுற்றியுள்ள பரப்பு வழவழப்பாகவும், தண்ணீர் உறிஞ்சாததாகவும், கழுவத் தக்கதாகவும் இருக்க வேண்டும் என்றார்கள் சுகாதாரத்தார். மண்ணை எப்படிக் கழுவுவது, கழுவினால் சேறுதானே வரும் என்று கேட்டதற்கு, எஃகுத் தகடு அடிக்கச் சொன்னார்கள். தகடு அடித்தால் அது குழி இல்லை, அடுப்பு, ஆகவே மேலே புகைபோக்கி வேண்டும் என்றார்கள் தீத்தடுப்பார். புகைபோக்கி வைத்தால் அது கட்டடம், ஓடைக்கு இவ்வளவு பக்கத்தில் கட்டடம் கூடாது என்றார்கள் சுற்றுச்சூழலார். இதற்கு நடுவில் தொழிலாளர் நலத்தார், மூன்றடிக்கு மேல் ஆழமான குழிக்குள் குனிகிறவன் தலைக்கவசம் போட வேண்டும் என்று எழுதினார்கள். அது ஒன்றைத்தான் செய்ய முடிந்தது, செய்தேன். கடைசியில் தீத்தடுப்பார் சீட்டு இருந்தால்தான் சுகாதாரத்தார் சீட்டு, சுகாதாரத்தார் சீட்டு இருந்தால்தான் தீத்தடுப்பார் சீட்டு என்று வந்து நின்றது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதைதான். உன் அலுவலகத்துக்கு ஒன்பது தடவை போன் செய்தேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று ஒரு பெண் ஒன்பது தடவையும் சொன்னாள். நல்ல குரல்.

ஆகஸ்டு இரண்டாம் வாரம் வந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை, வெண்டல். நாற்பத்துமூன்று வருஷம் அந்தக் குழிக்குத் தலைவனாக இருந்தவன், என் காலத்தில் மண்டபம் போயிற்று என்று ஆகிவிடுமோ என்று உண்மையாகவே பயந்துவிட்டேன். யூனிஸ்தான் வழி சொன்னாள். அவள் முப்பத்தோரு வருஷமாக ஊர் எழுத்தர். பிறப்பு, கல்யாணம், நாய்க்கு உரிம வில்லை, சாவு என்று எதுவானாலும் அவள் முத்திரை விழ வேண்டும்.

"தலைநகரத்தைக் கேக்காம நானே குடுக்கற அனுமதி ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்கு. புதைக்கறதுக்கு" என்றாள்.

"யாரைப் புதைக்கணும்ங்கற?" என்றேன். உன்னைத்தான் சொல்கிறாளோ என்று நினைத்துவிட்டேன்.

"பானைய."

அன்றைக்கே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம். பொய் ஒரு வரிகூட எழுதவில்லை. காலமானவர் பெயர்: பயறு, மஞ்சள்கண். வயது: ஒன்று. காரணம்: வியாழக்கிழமை மாலை முதல் நீரில் மூழ்கியிருத்தல். நெருங்கிய உறவு: ஆல்டன் தர்லோ. இடம்: மண்டபத்துப் பின்புறம், புதிய இடுகாடு. அந்த இடத்தை மாவட்டப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று படிவத்தின் பின்பக்கம் சொன்னது, ஏற்றினோம். சனிக்கிழமை தோண்டி எடுப்பதற்கும் யூனிஸே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். சமையல் என்ற ஒரு சொல் போனதும் மற்றத் துறைகளும் போய்விட்டன. வெறும் விறகை எரிக்க ஊர்த் தீயணைப்புக்காரர் சீட்டே போதும்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குச் சுகாதாரத் துறையிலிருந்து மிஸ் பெல்கி என்று ஒரு பெண் வந்தாள். வடக்கே உருளைக்கிழங்குச் சீமைப் பெண், ஒரு கையில் வெப்பமானி, மறு கையில் தலையணை கனத்துக்குச் சட்டப் புத்தகம். பயறு வேகவில்லை என்பதற்குச் சாட்சியாக ஹார்லனும் கேமராவோடு வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். நான் தலைக்கவசம் போட்டுக்கொண்டு பானைகளை இறக்கி மண்ணைத் தள்ளினேன். ஊரார் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். சிரிக்கக் கூடாது என்று யூனிஸ் முன்னமே எச்சரித்திருந்தாள்.

"சார், இது சமையலா அடக்கமா?" என்று கேட்டாள் மிஸ் பெல்கி.

"மூடியிருக்கற வரைக்கும் அடக்கம்மா. தோண்டினப்புறம் சாப்பாடு."

அவள் கொசுவை அடித்துக்கொண்டே புத்தகத்தை நெடுநேரம் புரட்டினாள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, "மூடின குழிமேல எங்க துறைக்கு அதிகாரம் இல்ல சார். ஆனா நாளைக்கி வெளிய எடுத்ததும் சூடு பாத்துட்டுத்தான் விடுவேன்" என்றாள். எங்கள் ஊரில் அவ்வளவு நேர்மையான ஆளை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

சனிக்கிழமை பானை மூடியைத் திறந்தபோது வெப்பமானி அவர்கள் கேட்ட அளவைத் தாண்டி எங்கேயோ போயிற்று. மிஸ் பெல்கி குறித்துக்கொண்டாள், கையெழுத்துப் போட்டாள், பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். மூன்று தட்டு சாப்பிட்டாள். ஹார்லனிடம் யூனிஸ் ஒரு காகிதத்தைக் காட்டினாள். இடுகாட்டிலிருந்து இருபத்தைந்து அடிக்குள் யாரும் எதுவும் கட்டக் கூடாது. மண்டபத்து நிலமோ ஐம்பதடி அகலம், குழி நட்டநடுவில். அவன் காகிதத்தை இரண்டு தடவை படித்தான். "பயறு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டான், கொடுத்தேன்.

ஆகையால் வெண்டல், நான் திருப்தியாக இருக்கிறேன். மண்டபம் பிழைத்தது, என் வயிறும் மனசும் நிறைந்திருக்கின்றன. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: தயவுசெய்து இனிமேல் எந்தச் சட்டமும் போடாதே. கை அரித்தால் சொறிந்துகொள், தூக்காதே. மனுஷன் வாழ்வதற்கு ஒரு குழியும் ஒரு பானையும் கொஞ்சம் பொது அறிவும் போதும். உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. அடுத்த தேர்தலிலும் உனக்கே ஓட்டுப் போடுவோம், வேறு யாரையும் எங்களுக்குத் திட்டிப் பழக்கமில்லை.

இப்படிக்கு,
குழியும் குடியும் குறைவின்றி வாழ்த்தும்
உன் மாமன் ஆல்டன்

பின்குறிப்பு (திங்கள்): உறையை ஒட்டப் போகிற நேரத்தில் தபால் வந்தது. எங்கள் புதிய இடுகாட்டைத் தலைநகரில் பதிவுசெய்து, வாழ்த்துச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். பதிவான இடுகாட்டில் எதையும் தோண்டி எடுக்க இனி யூனிஸ் சீட்டு செல்லாதாம். அவர்களிடம் விண்ணப்பித்துத் தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டுமாம். புதைத்த பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியுமாம். அடுத்த ஆகஸ்டில் இறக்குகிற பானை நவம்பரில் வெளியே வரும். ஹார்லன் அதற்குள் போன் செய்து நலம் விசாரித்துவிட்டான்.

ஆகவே, சட்டமே போடாதே என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக எண்ணிக்கொள். ஒரே ஒரு சட்டம் போடு. 'பயறுக் குழிகள் ஒழுங்குமுறைச் சட்டம்' என்று யூனிஸ் பதினான்கு பக்கம் தட்டச்சு செய்து, மூன்று பிரதிகள் இணைத்திருக்கிறாள். பக்கத்து ஊரான மில்புரூக்காரர்கள் தாங்களும் ஒரு குழி தோண்ட மிஸ் பெல்கியிடம் விவரம் கேட்டிருக்கிறார்களாம். அதனால் ஒன்பதாம் பிரிவில், பழைய குழிக்கு இருபது மைலுக்குள் புதுக்குழி கூடாது என்று சேர்த்திருக்கிறேன். உரிமம் கொடுக்கிற வாரியத்தின் தலைவருக்குக் குழியில் குறைந்தது நாற்பது வருஷ அனுபவம் வேண்டும் என்பது பதினோராம் பிரிவு. நம் மாநிலத்தில் எனக்குத் தெரிந்து அப்படி ஒருவர்தான் இருக்கிறார். பெயரைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.